சிவப்புக் கொடி வெளுத்த கதை

ஆண்களுக்குத் தைராய்டு வராது. உழைக்கிற ஆண்களுக்கு வரவே வராது. மருத்துவ உலகம் இன்னும் எட்டிப் பிடிக்காத இந்த உண்மையை என் அப்பா கருணாகரன் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்துவிட்டார். நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் அவர் ஃபோர்மேன். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட நோயாளி ஒரே ஒருவர், என் அம்மா பொன்னம்மாள்.

அம்மாவுக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காபி குடிக்காமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பாவின் அன்றாடப் பொழுதுபோக்கு அந்த முக்கால் மணி நேரம்தான். அம்மாவே போட்டுக்கொடுத்த காபியை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து உட்காருவார். உயரத் தூக்கி ஆற்றுவார். மணம் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகே உறிஞ்சுவார்.

“இந்த வியாதிக்கு மருந்து மாத்திரை இல்ல பொன்னு. காலங்காத்தால கொஞ்ச நேரம் வேலை செய்யாம உக்காரணும், அதான் மருந்து. டாக்டர் அதை வெளிப்படையா எழுத முடியாம மாத்திரைன்னு எழுதிட்டார்” என்பார்.

பிறகு மாத்திரை பாட்டிலை எடுத்துக் கிலுகிலுப்பை போல ஆட்டுவார். “பாப்பா அழுவுது. யாராவது தூக்குங்கப்பா.”

“ஆட்டுங்க. உங்களுக்கு வந்தா தெரியும்.”

“வராது. மைன்ஸ்ல இறங்குறவன் கழுத்துல தூசிதான் இருக்கும். தைராய்டுக்கு எடம் ஏது?”

அப்பாவிடம் இன்னொரு சொத்தும் இருந்தது. அவருடைய பார்வை. பெல்ட்டிலிருந்து கீழே கொட்டுகிற மண்ணையும் நிலக்கரியையும் அள்ளுகிற கான்ட்ராக்ட் ஆட்களிடம் அவர் சத்தம் போட்டதே கிடையாது. வேலை நின்றால் போய் நிற்பார், பார்ப்பார். மண்வெட்டி தானாக நகரும். “வாயால வேலை வாங்குறவன் மேஸ்திரி. கண்ணால வாங்குறவன்தான் ஃபோர்மேன்” என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு.

போன ஆண்டின் கடைசியில் அந்தப் பார்வை வளர ஆரம்பித்தது.

மேல் இமைகள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறின. கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. பிறகு முழியே முன்னுக்கு வந்தது. கூடவே மார்கழிக் குளிரில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு சட்டையில்லாமல் உட்கார்ந்தார். கூடுதலாக இட்லி கேட்டார், ஆனால் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. காபி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது. இளமை திரும்புகிறது என்றார் அப்பா. ஃபோர்மேன் கோபத்தில் நடுங்குகிறார் என்றார்கள் பெல்ட்டுக்குக் கீழே இருந்தவர்கள். மண்வெட்டிகள் முன்னைவிட வேகமாக நகர்ந்தன. பிரிவில் தேக்கமே இல்லை. சிறந்த மேற்பார்வையாளர் என்று அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். நியாயமாகப் பார்த்தால் அது தைராய்டுக்குச் சேர வேண்டிய கேடயம்.

அந்தப் புகைப்படம் எங்கள் ஹாலில் இருக்கிறது. மற்ற எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அப்பா மட்டும் கேமராக்காரரைக் கைது செய்யப் போகிறவர் போல நிற்கிறார்.

கண் சிவந்தது, நீர் வழிந்தது, மணல் விழுந்தது போல உறுத்தியது. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இருமினால் தூசி, தும்மினால் தூசி, மகன் அரியர் வைத்தால்கூடத் தூசி என்று சொல்லிப் பார்க்கலாம். அப்பா மந்தாரக்குப்பத்தில் ஒரு மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கினார். பக்கத்துக் கடையில் சிகரெட் வாங்கினார். இரண்டையும் ஒழுங்காகப் பயன்படுத்தினார்.

நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிற அவருடைய அறைக்குள் ஒரு நாள் அம்மா பீரோவில் எதையோ எடுக்கப் போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

“உங்கப்பா கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறார்டா அஸ்வின்.”

நான் போய்ப் பார்த்தேன். குறட்டை வந்துகொண்டிருந்தது. இமைகளுக்கு நடுவே வெள்ளைக் கீற்று இரண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மாலையில் எழுந்து விஷயத்தைக் கேட்டபோது அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“ஃபோர்மேன்னா அப்படித்தான். தூக்கத்துலயும் பெல்ட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.”

“ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துருவோம்ங்க. எனக்கு எடுப்பாங்கல்ல, அதே டெஸ்ட்டுதான். என்கூட ஓ.பி.ல உக்காந்திருக்கிற பொம்பளைங்க ரெண்டு பேருக்குக் கண்ணு இப்படித்தான் வந்துச்சு.”

“பாத்தியா, நீயே சொல்ற. பொம்பளைங்க.”

அம்மா விடவில்லை. சாப்பாடு போடும்போது சொன்னாள், துணி மடிக்கும்போது சொன்னாள். ஒரு நாள்தான் அப்பா காரணத்தைச் சொன்னார். அதையும் அம்மாவிடம் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துச் சொன்னார். “கண்ணு சரியில்லன்னு எவனாவது எழுதிட்டா மைன்ஸ்ல இறங்க விட மாட்டான். ஆபீஸ்ல ஒரு நாற்காலியப் போட்டு லைட் ஜாப்னு உக்கார வெப்பான். ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஃபேன் காத்து வாங்கணும். அதுக்குப் பேசாம குருடாவே போலாம்.”

இப்படிச் சொல்லிவிட்டு சாம்பார் கேட்டார். அம்மா டம்ளரை நகர்த்தி வைத்தாள், ஏனென்றால் சில நாட்களாக அவர் தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். பார்க்கிற பொருள் எல்லாம் இரண்டாகத் தெரிந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றாகிவிடும் என்று தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார். வலது கண்ணில்தான் நீர் அதிகம் வழிந்தது. எனவே அதைப் பழுது என்று முடிவு கட்டி, அதை மூடிக்கொண்டு, நல்லது என்று நம்பிய இடது கண்ணால் நெய்வேலியைப் பார்க்க ஆரம்பித்தார். குறி பார்க்கிறார் என்று கான்ட்ராக்ட் ஆட்கள் இன்னும் பயந்தார்கள்.

பெல்ட்டுக்குக் கீழே ஆள் இறங்கினால் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கொடியைக் கட்ட வேண்டும். கொடி இருக்கும்வரை பெல்ட்டை யாரும் ஓட்டக் கூடாது. மாசி மகத்தை ஒட்டிய வாரத்தில் அப்பா அந்தக் கொடிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். வலது கண்ணை மூடியிருக்கிறார்.

“என்னய்யா இது, கொடியா கரித்துணியா? வெளுத்துப்போய்க் கெடக்கு.”

ஆட்கள் கொடியைப் பார்த்தார்கள். சிவப்பாக இருந்தது. அப்பாவைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். “வெளுத்துப்போச்சுங்க சார்.”

புதுக் கொடி வந்தது. அதுவும் வெளுத்திருந்தது. அடுத்தது வந்தது. அது பிறக்கும்போதே வெளுத்திருந்தது. ஸ்டோர்ஸில் பெரிய ஊழல் நடப்பதாக அப்பா சந்தேகப்பட்டார். வீட்டுக்கு வந்து, நாட்டில் சாயம்கூட ஒழுங்காகப் போட மாட்டேனென்கிறார்கள் என்று செய்தியைப் பார்த்துக்கொண்டே திட்டினார். சித்திரை போனது, ஆனி போனது. ஒரு பிரிவு மொத்தமும் ஒற்றுமையாக நின்று ஒரு சிவப்பை வெளுக்க வைத்துக்கொண்டிருந்தது.

ஆவணியில் அப்பாவின் ஓய்வு நாள் ஒன்றில், காலையில் எங்கள் குவார்ட்டர்ஸ் கேட் அருகே ஒரு மொபெட் வந்து நின்றது. கம்மாபுரத்துப் பக்கத்திலிருந்து வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளி பழனிவேல். அப்பாவிடம் பல வருடமாக வேலை செய்கிறவர். கேட்டைத் தாண்டி அவர் உள்ளே வந்ததில்லை. வா என்று யாரும் சொன்னதும் இல்லை. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கேட்டுக்கு மேலாக நீட்டினார்.

“ஸ்டோர்ஸ்ல புதுசு குடுத்தாங்க சார். கட்டறதுக்கு முன்ன வூட்டாண்ட எட்த்துகினு வந்து காட்டச் சொன்னீங்க.”

அப்பா பிரித்தார். வெயிலில் விரித்துப் பிடித்தார். வலது கண்ணை மூடினார்.

“இது புதுசா?”

“புதுசுங்க.”

“என்னய்யா கலர் இது?”

பழனிவேல் கொடியைப் பார்த்தார். கொடிக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த அந்த ஒற்றைக் கண்ணையும் பார்த்தார்.

“நீங்க சொல்ற கலருங்க சார்.”

“நான் சொல்றது கெடக்கட்டும். உன் கண்ணுக்கு என்னய்யா தெரியுது?”

“எனக்கும் அதாங்க தெரியுது.”

“எது?”

“நீங்க இன்னும் சொல்லலீங்களே சார்.”

அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வாசலுக்கு வந்திருந்தாள். “செக்கச் செவேல்னு இருக்கு. செம்பருத்திப் பூ மாதிரி” என்றாள்.

“உள்ள போ. ஸ்டோர்ஸ்காரன் உனக்கு எவ்வளவு குடுத்தான்?”

அம்மா உள்ளே போகவில்லை. படியிறங்கி வந்தாள். மூன்றாம் மனிதர் எதிரில் அப்பாவின் பக்கத்தில் நின்றுகூடப் பேசாதவள், ஈர உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினாள்.

“மூடியிருக்கிற அந்தக் கண்ணைத் திறங்க. இப்பப் பாருங்க.”

வலது கண் நீர் வழியத் திறந்தது.

“சிவப்பு” என்றார் அப்பா.

அம்மா கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினாள். “இப்ப?”

அப்பா கொடியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

“இப்பங்க?”

“மண்ணு மாதிரி” என்றார். “அள்ளிக் கொட்டுற மண்ணு மாதிரி.”

பிறகு அவரே அம்மாவின் கையை விலக்கிவிட்டுத் தன் கையால் மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தார். சிவப்பு. மண். சிவப்பு. மண். பழனிவேல் தன் மொபெட்டின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு முன்னாடி வந்த கொடியெல்லாம்?” என்று அம்மா அவரைக் கேட்டாள்.

“எல்லாமே செவப்புதாங்கம்மா. மொதக் கொடியும் நல்லாத்தான் இருந்துது. தூக்கிப் போட மனசு வரல. ஷெட்டுல மடிச்சி வெச்சிகினு இருக்கறோம்.”

மறுநாள் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் சந்திரகலா அப்பாவின் கண்களுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மாலையில் படத்தைக் காட்டி விளக்கினார். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய படை தவறுதலாகத் தன் ஆட்களையே தாக்குகிறது. தைராய்டைத் தாக்கும் கையோடு கண்ணுக்குப் பின்னால் இருக்கிற தசையையும் தாக்குகிறது. அந்தத் தசை வீங்கினால் பின்னால் எலும்பு, போக இடமில்லை. எனவே முழியை முன்னுக்குத் தள்ளுகிறது. இரண்டு கண்ணும் ஒரே திசையில் திரும்ப முடியாமல் இரண்டிரண்டாகத் தெரிகிறது. கடைசியில் கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பை நெரிக்கிறது. நரம்பு நெரிபட்டால் நிறங்கள் மங்கும். சிவப்புதான் முதலில் போகும்.

“கலர் எப்பலேர்ந்து மங்கலா தெரியுது சார்?”

“போன வாரம்” என்றார் அப்பா.

“கொடியை முதல்ல மாத்தினது மாசி மகம் சமயத்துலங்க டாக்டர்” என்றேன் நான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். கொடிக் கதையைச் சொன்னேன். கல்லூரியில் இதே கதையை நான் சொல்லியிருந்தால் பெஞ்சைத் தட்டிச் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

“அப்பவே வந்திருந்தா நரம்பைக் காப்பாத்தறது சுலபம். ஆறு மாசம் நெரிபட்டிருக்கு. வலது கண் பரவாயில்லை. சிகரெட் பிடிப்பீங்களா?”

“எப்பவாவது.”

“எப்பவாவது நிறுத்துவார் டாக்டர்” என்றாள் அம்மா.

“இந்தக் கண்ணுக்கு சிகரெட்டைவிடப் பெரிய எதிரி கிடையாது. வலது கண்ணாவது வேணும்னா, இன்னியோட விட்டுடுங்க.”

பாக்கெட்டை அப்பா அங்கேயே எடுத்து மேஜைமீது வைத்தார். ஃபோர்மேன் பார்வையோடுதான் வைத்தார். அவருக்கு அப்போது வேறு பார்வை இல்லை.

ஸ்டீராய்டு ஊசியை ரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். வீக்கம் கொஞ்சம் இறங்கியது. போதவில்லை. கண்குழியின் எலும்பைக் கொஞ்சம் எடுத்து இடம் உண்டாக்கினார்கள். வலது கண் தப்பித்தது. இடது கண் அதற்குள் இன்னும் மங்கிவிட்டது; வெளிச்சம் தெரியும், கை ஆடுவது தெரியும். யாருடைய கை என்று தெரியாது. தைராய்டை அடக்க வேறு சிகிச்சை கொடுத்தால் கண் மோசமாகலாம் என்பதால் கழுத்தில் அறுவை செய்து தைராய்டையே எடுத்துவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பினோம். ஸ்டீராய்டில் அப்பாவின் முகம் பௌர்ணமி நிலா போல ஊதியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆள் நன்றாகத் தேறிவிட்டார் என்றார்கள். ஆபீசில் ஒரு நாற்காலி போட்டார்கள். தலைக்கு மேலே மின்விசிறி இருந்தது. குருடாவே போலாம் என்று சொன்னவர் பாதிக் கண்ணோடு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பழனிவேல் ஒரு சாயங்காலம் வந்தார். மொபெட்டை நிறுத்திவிட்டு, கேட்டுக்கு வெளியே, அப்பாவைக் கண்டதும் நிமிர்ந்து நின்றார். கையில் மடித்த சிவப்புத் துணிகள் ஒரு கட்டு.

“ஷெட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க சார். நீங்க ஒதுக்குன கொடிங்க. எங்க போடறதுன்னு தெரியல.”

அப்பா கேட்டைத் திறந்தார். “உள்ள வாய்யா.”

“இருக்கட்டுங்க.”

“அட, வாய்யா.”

பழனிவேல் உள்ளே வந்து ஓரமாக நின்றார். அப்பா துணிக் கட்டை வாங்கி, இடது பக்கம் போகாமல் கவனமாக வலது பக்கம் பிடித்துப் பார்த்தார்.

“அன்னைக்கே ஒருத்தன் சொல்லியிருக்கலாம்லய்யா. சிவப்புதான் சார்னு. ஒரே ஒருத்தன்.”

“எப்டிங்க சொல்றது. நீங்க மொறச்சிகினு நின்னீங்க.”

“நான் முறைக்கலய்யா. கண்ணே அப்படி ஆயிருச்சு.”

“எங்களுக்கு எப்டிங்க சார் தெரியும். நீங்க முன்னயும் மொறைப்பீங்க.” கொஞ்சம் தயங்கினார். “இப்பவும்…”

“இப்பவும் என்ன?”

“இப்பவும் மொறச்சிகினுதாங்க இருக்கீங்க.”

அப்பா இமைகளை இறக்கப் பார்த்தார். பாதி தூரம் வந்து நின்றுவிட்டன. இமைகளுக்கு இன்னும் ஒரு அறுவை பாக்கி இருக்கிறது. பிறகு ஒரு காரியம் செய்தார். முருங்கை மரத்தைப் பார்த்துத் திரும்பி, பழனிவேலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“இப்பச் சொல்லு. புது ஃபோர்மேன் எப்படி?”

முதுகைப் பார்த்ததும் பழனிவேலுக்குப் பேச்சு வந்தது. புது ஃபோர்மேன் சின்னப் பையன் என்றார், போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றார், பெல்ட்டுக்குக் கீழே மண் முட்டிவரை கிடக்கிறது என்றார். அப்புறம், அப்பா இருந்தபோது தண்ணீர் குடிக்கப் போகவே பயமாக இருந்தது என்றும் சொன்னார். வீரம்மாள் என்கிற பெண், அவர் பார்ப்பாரே என்று காய்ச்சலோடு மண் அள்ளி மயங்கி விழுந்தது என்றார். அப்பா மரத்தைப் பார்த்து “ம்” என்றார். இருட்டுகிற வரை இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். பழனிவேல் போன பிறகும் அப்பா திரும்பவில்லை.

அந்தச் சிவப்புத் துணிகளை அம்மா அடுப்படியில் பிடிதுணியாக வைத்துக்கொண்டாள். நல்ல கெட்டித் துணி. சாயம் போகவே இல்லை.

ஊருக்குத் திரும்பிய அன்று, மருந்துக் கடையில் கடைசியாகக் கொடுத்த பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தபோது, சீட்டைப் படிக்காமலேயே அம்மா அடையாளம் கண்டுகொண்டாள். சுரப்பியை எடுத்துவிட்டால் சுரப்பதற்கு ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்க வெறும் வயிற்றில் மாத்திரை. அம்மாவுடைய அதே மாத்திரை, கொஞ்சம் கூடுதல் அளவு. அவள் அதைத் தன் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இன்று கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டி விடியலிலேயே எழுந்தேன். கூடத்தில் அம்மா மாத்திரையைப் போட்டுவிட்டுத் தன் நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா அலமாரியில் தடவி ஒரு பாட்டிலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வலது கண்ணுக்கு நேரே பிடித்துப் பெயரைச் சரிபார்த்தார். இன்னொரு கையால் பாட்டிலை முழுவதும் இறுகப் பொத்திக்கொண்டார். மூடியைத் திருகி மெதுவாகச் சாய்த்தார். சத்தமே வரவில்லை. ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. தண்ணீரோடு விழுங்கினார். போய் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

அடுப்படியில் எனக்காகப் பால் பொங்கும் வாசனை வந்தது. அம்மா எழுந்து போய்ச் சிவப்புத் துணியால் பாத்திரத்தை இறக்கினாள்.

“உங்களுக்குக் காபி?” என்று உள்ளேயிருந்து கேட்டாள். வழக்கமாகக் கேட்கிற குரல்தான்.

“முக்கால் மணி ஆகட்டும்” என்றார் அப்பா. “நீ வந்து உக்காரு.”